இருநூற்றுப் பன்னிரண்டு வீட்டு அழைப்பு

தென்காசியில் ஆவுடையப்பன் அண்ணாச்சியின் கம்ப்யூட்டர் கம்பெனியில் மூன்று பேர் வேலை பார்த்தார்கள்: கோமதிநாயகம், பிச்சையா, ஜெயசீலன். மூவரும் சொன்ன சொல் தட்டாதவர்கள். சிக்கலே அதுதான்.

அண்ணாச்சி மகளுக்குக் கல்யாணம். இருநூற்றுப் பன்னிரண்டு வீட்டுக்கும் போன் போட்டு, பதிவு செய்த அவர் குரலில் "குடும்பத்தோட வந்துருங்க" என்று சொல்ல ஒரு புரோகிராம் வேண்டும்.

"முதல் பேரு என் மச்சினன் குற்றாலலிங்கம். தாய்மாமன், கோவக்காரன். இன்னொண்ணு, கேட்காம அது ஒரு வேலையும் செய்யக் கூடாது. கேட்டா முதல்லேருந்து ஒழுங்கா செய்யணும்."

அப்படியே எழுதினார்கள். அழைக்கப்பட்டவர்கள் பட்டியல் என்று பெயர். அதைப் பற்றி யாராவது கேட்டால்தான் அது எழுந்திருக்கும். முதல் பெயரிலிருந்து போன் போட்டுக்கொண்டே வந்து பதில் சொல்லும். பழையதை நினைவில் வைக்காது. வைக்கும்படி யாரும் சொல்லவில்லையே.

"பட்டியல் தயார் அண்ணாச்சி" என்றார்கள். ஒரு வாரம் யாரும் எதுவும் கேட்கவில்லை. யாருக்கும் போன் போகவில்லை.

குற்றாலலிங்கம் அக்கா வீட்டுக்கு வந்து, தனக்கு அழைப்பே வரவில்லை என்று சத்தம் போட்டார். அண்ணாச்சி ஆபீசுக்கு ஓடி வந்தார். "ஏலே, எத்தனை பேருக்குப் போயிருக்கு?"

கோமதிநாயகம் தட்டினான். கம்ப்யூட்டர் பெட்டி கொஞ்சநேரம் முனகியது. "இருநூத்திப் பன்னிரண்டு! எல்லாருக்கும் போயாச்சு."

"யாராவது விட்டுப்போச்சா, பாரு" என்றான் பிச்சையா. பெட்டி மறுபடி முனகியது. யாரும் விடவில்லை.

"முதல்ல யாருக்குப் போச்சு?" என்றான் ஜெயசீலன். குற்றாலலிங்கத்துக்கு. உறுதி செய்துகொள்ள அதையே மொத்தம் ஆறு தடவை கேட்டான்.

மத்தியானத்துக்குள், இத்தனை அவசரமென்றால் கல்யாணம் இன்றைக்குத்தான் என்று நம்பி, செங்கோட்டைச் சித்தப்பா குடும்பத்தோடு பட்டு உடுத்தி மண்டபத்துக்கே வந்துவிட்டார்.

மூவரும் கூடி யோசித்தார்கள்.

"நாம கேள்விதானே கேட்டோம்?"

"கேள்வி கேட்டா போன் போகுமா, கிறுக்கா?"

"எத்தனை தடவை போட்டேன்னு அதுகிட்டயே கேட்போம்."

கேட்டார்கள். பெட்டி முனகி முடித்து, ஒரே ஒரு தடவைதான் என்றது. மூவருக்கும் உயிர் வந்தது.

அண்ணாச்சி தலையில் அடித்துக்கொண்டார். "எல்லார்கிட்டயும் மன்னிப்புக் கேட்க ஒண்ணு எழுதுங்கலே!"

அதையும் அதே மாதிரி எழுதினார்கள். அதுவும் தயாராகத் தூங்கியது.

மறுநாள் குற்றாலலிங்கம் நேரில் வந்தார். "ஒம்பது தடவை கூப்பிடத் தெரிஞ்சுது. ஒரு மன்னிப்பு இல்லை. நான் கல்யாணத்துக்கு வரமாட்டேன். மன்னிப்பை முதல்ல யார்கிட்ட கேட்டீங்க?"

கோமதிநாயகம் தட்டினான். அவர் சட்டைப்பையில் போன் அடித்தது. "தெரியாம நடந்துபோச்சு, மன்னிச்சுருங்க" என்றது அண்ணாச்சி குரல்.

குற்றாலலிங்கத்துக்குக் கண் கலங்கிவிட்டது. "முதல்ல எனக்கா! மத்தவங்களுக்கு?"

"அவங்க கேட்கலையே மாமா."

ஆகவே முகூர்த்தத்தன்று மண்டப வாசலில் மேசை போட்டுப் பெட்டியை வைத்தார்கள். வந்தவரெல்லாம் வரிசையில் நின்று "எங்கிட்ட மன்னிப்புக் கேட்டாச்சா?" என்று கேட்டார்கள். ஒவ்வொரு கேள்விக்கும் பெட்டி முதல் பெயரிலிருந்து தொடங்கியது.

தாலி கட்டும் நேரம். மணமகள் பின்னால் நின்ற தாய்மாமன் காதில் போன். "மன்னிச்சுட்டேன் அத்தான், மன்னிச்சுட்டேன்."

"போனை வைய்யா, கெட்டிமேளம் கொட்டுது!" என்றார் பக்கத்தில் நின்ற அண்ணாச்சி.

குற்றாலலிங்கம் அவரை முறைத்தார். "சும்மா இருங்க அத்தான், அத்தான் பேசுதாரு."