சிவந்த விரலும் பத்து அதிரசமும்

முன்னொரு காலத்தில் வெண்கரை நாட்டை வீரகேசரி என்றொரு ராஜா ஆண்டுவந்தார். ஆண்டுவந்தார் என்பது மரியாதைக்குச் சொல்வது; சாப்பிட்டுவந்தார் என்பதுதான் உண்மை.

ஒருநாள் ராணி பூஜைக்கு எடுத்துவைத்த பத்து அதிரசங்கள் காணாமல் போயின. "திருடனை நாடு கடத்துகிறேன்!" என்று ராணியைவிட உரக்கக் கத்தியவர் ராஜாதான்.

திருடனைப் பிடிக்கும் பொறுப்பு ஆராவமுதப் பண்டிதருக்கு வந்தது. அவரிடம் ஒரு வெள்ளிக் கிண்ணம் நிறைய 'சத்திய தீர்த்தம்' இருந்தது. பார்வைக்குத் தெளிந்த தண்ணீர். பொய்யன் அதில் கையை விட்டால் கை சிவக்குமாம். சமையல்காரர்கள் மூன்று பேர் விட்டார்கள், மூன்று கையும் சிவந்தது. மூட்டை முடிச்சோடு எல்லை தாண்டினார்கள். மந்திரிமார் கைகளோ விட்டது விட்டபடியே வெளியே வந்தன. அந்த நாட்டில் மந்திரிகள் பொய்யே பேசுவதில்லை என்று இதனால் நிரூபணமாயிற்று.

"இன்னும் ஒரு கூட்டாளி பாக்கி" என்றார் பண்டிதர். மிஞ்சியிருந்தவள் மஞ்சளும் சந்தனமும் அரைக்கும் செங்கமலம்.

எல்லைக்கு அப்பால் அவளுக்கென்று ஒரு நாதி கிடையாது. மறுநாள் சோதனை. தன் கையைப் பார்த்தாள். பத்து வருஷத்து மஞ்சள், தேய்த்தாலும் போகாதது. பார்த்தவள் சட்டென்று சிரித்துவிட்டாள். மஞ்சள் நீரில் சுண்ணாம்பு கலந்தால் ஆரத்தி! தினம் சுற்றினாலும், சுற்றப்படுகிற தலைகளுக்கு அது எப்படிச் சிவக்கிறது என்று தெரியாது. தெரிந்த ஒரே தலை பண்டிதருடையது.

மறுநாள் சபை கூடியதும் வழக்கம்போல் சந்தனக் கிண்ணம் வந்தது. ராஜா முதல் பண்டிதர் வரை இரு கையிலும் பூசிக்கொண்டார்கள். அரைத்தது யார் என்று யார் கேட்கப்போகிறார்கள்?

"கையை விடடி!" என்றார் பண்டிதர்.

"விடுறேன் சாமி. பொய்யே பேசாத கை ஒண்ணு முதல்ல விட்டுக் காட்டட்டும். நான் பார்த்துக் கத்துக்கிறேன்."

"அதற்கென்ன!" என்று பண்டிதர் மணிக்கட்டுவரை விட்டார். வெளியே எடுத்தபோது கிடா வெட்டியவர் கை மாதிரி இருந்தது.

ராஜா உருண்டு உருண்டு சிரித்தார். "அதிரசம் தின்றது நீர்தானா!"

"நீங்களும் ஒரு தடவை விடுங்களேன்" என்றாள் பக்கத்திலிருந்த ராணி.

ராஜாவின் சிரிப்பு நின்றது. மறுத்தால் மானம் போகும். ஒரே ஒரு விரலை விட்டார். அது சிவந்தது.

"நான்தான்!" என்று அலறினார். "நாலே நாலு!"

"பத்து" என்றாள் ராணி.

"பத்துதான்!"

மந்திரிமார் எல்லோரும் கையை முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டார்கள்.

இப்படி ஒரு வாக்குமூலத்தைச் செங்கமலமே எதிர்பார்க்கவில்லை. மடியிலிருந்த எலுமிச்சம்பழத்தை ராஜா விரலில் பிழிந்தாள். சிவப்பு மறைந்து மஞ்சளாயிற்று.

"பாவம் போய்விட்டதா?" என்றார் ராஜா.

"பாவம் போகலை மகாராஜா, சுண்ணாம்புதான் போச்சு. சந்தனத்துல மஞ்சள் கலந்தது நான். தண்ணியில சுண்ணாம்பு கலந்து தெளிய வச்சது பண்டிதர். அடுப்படியில மஞ்சள் படாத கை ஏது, சொல்லுங்க? மூணு குடும்பம் தெருவுல நிக்குது."

ராஜா தலை குனிந்தார். பலகாரக் கொட்டடிச் சாவி அன்றே செங்கமலத்தின் இடுப்புக்கு வந்தது. ராஜாவே கேட்டாலும் திறக்கக் கூடாது என்பது ராணியின் உத்தரவு. மூன்று சமையல்காரர்களையும் பல்லக்கு அனுப்பி அழைத்துவந்தார்கள்.

அரண்மனை வாசலில் அவர்களுக்கு ஆரத்தி கரைத்து, குனிந்து நின்று சுற்றியவர் ஆராவமுதப் பண்டிதர். அது நன்றாகவே சிவந்திருந்தது.