பார்க்கலாம் என்ற கப்பல்

கழிமுகக் காட்டு உடும்பு மூக்காயி, விடிந்தும் விடியாததுமாகத் துறையை நோக்கி ஓடினாள். அவள் அப்படி ஓடி அந்தக் காட்டில் யாரும் பார்த்ததில்லை. வெயில் வந்த பிறகுதான் அவள் வழக்கமாகக் கண்ணையே திறப்பாள்.

அன்று ஓடியதற்குக் காரணம் இருந்தது. முந்தின நாள் ஒரு கடற்காகம் வந்து அவள் பொந்தின் வாசலில் உட்கார்ந்து, "உன் அக்கா காத்தாயி உயிரோட இருக்கா!" என்று சொல்லிவிட்டது.

இரண்டு வருடத்துக்கு முன் அடித்த புயலில், காத்தாயி ஏறியிருந்த மரம் வேரோடு பெயர்ந்து கடலுக்குள் போய்விட்டது. அவள் செத்துவிட்டாள் என்றுதான் காடே நினைத்தது. மூக்காயியும் அழுது ஓய்ந்துவிட்டாள்.

"எங்கே இருக்கா?" என்று கேட்டாள் மூக்காயி.

"செம்மலைத் தீவுல! ஆனா அந்த மலை வெடிச்சுக்கிட்டு இருக்கு. நெருப்புக் குழம்பு தினமும் கொஞ்சம் கொஞ்சமா இறங்குது. மரமெல்லாம் போச்சு. கடலோரத்துல ஒரு துண்டு கறுப்பு மணல்தான் மிச்சம். அதுல உட்கார்ந்திருக்கா. சுத்திலும் சுறா. நீந்தவும் முடியாது!"

கழிமுகத்திலிருந்து வருடத்துக்கு ஒரே ஒரு முறைதான் கப்பல்கள் புறப்படும். ஏழு தீவுகளையும் சுற்றிவிட்டுத் திரும்பும். அதற்குப் பிறகு காற்று மாறிக் கடல் கொந்தளிக்கும். அடுத்த வருடம் வரைக்கும் ஒரு கட்டை கூட மிதக்காது. அடுத்த வருடம் அந்த மணலும் இருக்காது, அக்காவும் இருக்க மாட்டாள். இது மூக்காயிக்குத் தெரியும்.

துறையில் இரண்டு கப்பல்கள் நின்றன. ஒன்று 'மகாராணி'. மூன்று அடுக்கு, ஏழு பாய்மரம், உள்ளே ஒரு குளம்! யானை ஏறினாலும் அசையாது. இன்னொன்று 'தும்பி'. ஒரே ஒரு பாய், பன்னிரண்டு பேருக்கு இடம். கொக்கு ஏறினாலே ஒரு பக்கம் சாயும்.

மகாராணிக்கு முன்னால் வரிசை காடு வரைக்கும் நீண்டிருந்தது. தும்பிக்கு முன்னால் ஒரு நண்டு மட்டும் நின்றது. அதுவும் பனிக்கு ஒதுங்க வந்தது.

"ஏ மூக்காயி! வா, வா! எனக்கு முன்னால நின்னுக்கோ!" என்று கூப்பிட்டார் கரடி கருப்பண்ணன். அவர் அவளுக்கு அடுத்த மரத்துக்காரர், நல்ல மனசுக்காரர். ஆனால் வயிறு நிறைந்திருந்தால் அவருக்கு வேறெதுவும் தோன்றாது. "நான் போன வருஷமும் இதுலதான் போனேன். நாளைக்கு ஏழு வேளை சாப்பாடு! தேன் தனி! கடல்ல போறமா, கட்டில்ல படுத்திருக்கமான்னே தெரியாது!"

மூக்காயியும் வரிசையில் நின்றாள். ஊரே ஏறுகிற கப்பல் தப்பாகவா இருக்கும் என்று நினைத்தாள். நீங்களும் நானும் இருந்தாலும் அப்படித்தான் நினைத்திருப்போம்.

வரிசையின் தலைமாட்டில் மயில் தோகையார் நின்று எல்லாருக்கும் இடம் ஒதுக்கிக்கொண்டிருந்தார். பேசுவதற்கு முன்னால் ஒரு தடவை தோகையை விரிப்பார், பேசி முடித்ததும் இன்னொரு தடவை விரிப்பார். கேட்டது என்ன, சொன்னது என்ன என்பது அதற்குள் பாதிப் பேருக்கு மறந்துவிடும்.

"அண்ணாச்சி, கப்பல் செம்மலைத் தீவுக்குப் போகுமா?" என்று கேட்டாள் மூக்காயி.

"போகுமாவா! ஏழு தீவையும் பார்க்கலாம்!" என்று தோகையை விரித்தார் மயில். வரிசை முழுவதும் கை தட்டியது.

"செம்மலையில இறங்கலாமா?"

"பார்க்கலாம்!"

"அண்ணாச்சி, நான் இறங்கலாமான்னு கேட்டேன்."

"அதைத்தானே சொல்றேன். பார்க்கலாம்!"

இந்தச் சொல் உங்கள் வீட்டிலும் இருக்கும். "அம்மா, மிட்டாய் வாங்கித் தருவியா?" என்று கேட்டால் "பார்க்கலாம்" என்று பதில் வரும். மிட்டாய் வராது என்பது மூன்று வயதுக் குழந்தைக்குக் கூடத் தெரியும். ஆனால் அந்த வரிசையில் யானை முதல் அணில் வரை யாருக்கும் தெரியவில்லை! முதலில் சொன்ன பார்க்கலாமில் எல்லாருக்கும் காது குளிர்ந்துவிட்டது. இரண்டாவது பார்க்கலாம் மூக்காயிக்கு மட்டும்தான் கேட்டது.

அவள் வரிசையை விட்டு விலகினாள்.

"எங்க போறே?" என்றார் கருப்பண்ணன்.

"இறக்கிவிடுற கப்பலைத் தேடி!"

வரிசை சிரித்தது. சிரிக்கட்டும் என்று அவள் தும்பியிடம் போனாள். தும்பியின் தலைவன் நீர்நாய் சுழியன், பலகைக்கு நடுவில் இருந்த ஓட்டையை அடைத்துக்கொண்டிருந்தான். அவனுக்குத் தோகையும் இல்லை, சுற்றி வளைத்துப் பேசவும் தெரியாது.

"செம்மலைக்குப் போவியா?"

"போவேன்."

"கரை வரைக்குமா?"

"தீவைச் சுத்திப் பாறை வளையம் இருக்கு. அதுல ஒரு இடுக்கு உண்டு. அதுக்குள்ள என் படகு நுழையும். மகாராணி நுழையாது. ஆனா கேட்டுக்கோ தாயி, இந்தப் படகு ஆடும், நனையும். சாப்பாடு நீதான் கட்டிட்டு வரணும். போன வருஷம் படகு உடைஞ்சு கிடந்ததால நான் அங்க போகல; கரையில கயிறு கட்ட மரம் ஒண்ணுகூட மிச்சமில்லைன்னு கடற்காகம் சொல்லுச்சு. யாராவது பாறையில குதிச்சு, அலை இழுக்க இழுக்கக் கயித்தைப் பிடிச்சுக்கிட்டு நிக்கணும். யாரு பிடிப்பா?"

மூக்காயி தன் நகங்களைப் பார்த்துக்கொண்டாள்.

"நான் உடும்பு!" என்றாள்.

சுழியன் கயிற்றை எடுத்து அவள் பக்கம் தள்ளினான். ஆனால் தோகையார் விடுவாரா? ஒரு பயணி கைவிட்டுப் போவதைப் பொறுக்காமல் மணலில் தோகையை இழுத்துக்கொண்டு பின்னாலேயே வந்துவிட்டார்.

"அந்தக் கொட்டாங்கச்சியிலயா போகப் போறே? பெரிய கப்பல்ல போனாத்தான் மரியாதை!"

"மரியாதையை நீங்களே வெச்சுக்குங்க அண்ணாச்சி! எனக்கு அக்கா வேணும்!"

"நடுக்கடல்ல வந்து கெஞ்சுவே!"

"கெஞ்ச மாட்டேன்!"

சொல்லிவிட்டாள். ஆனால் கடலுக்கு அவள் பேச்சைப் பற்றி என்ன கவலை? முதல் நாளே மூக்காயிக்குத் தலை சுற்றியது. இரண்டாம் நாள் நான்கு முறை வாந்தி எடுத்தாள். மூன்றாம் நாள் ஒரு பெரிய அலை வந்து அவள் கட்டிக்கொண்டு வந்த முட்டை மூட்டையைத் தூக்கிக்கொண்டு போனது. சுழியன் பாதி மீனைப் பிய்த்துக் கொடுத்தான். அதுவும் வயிற்றில் தங்கவில்லை.

அப்போது மகாராணி பக்கத்தில் வந்தது. மேளம் கேட்டது. வெல்லப் பாகின் வாசனை வந்தது. தும்பி கிடந்து குதித்த அதே அலையில் மகாராணி ஆடாமல் அசையாமல் போய்க்கொண்டிருந்தது. யானையார் மேல்தட்டில் நிம்மதியாகத் தூங்கிக்கொண்டிருந்தார். தும்பியில் அவரால் ஒரு காலைக்கூட வைத்திருக்க முடியாது. அவருக்கு அந்தக் கப்பல்தான் சரி. அதை யாரும் குறை சொல்ல முடியாது.

"அடிப்பாவி, பாதியா போயிட்டியே!" என்று மேலேயிருந்து கத்தினார் கருப்பண்ணன். "ஏறி வா! ஏணி போடச் சொல்றேன்!"

மூக்காயிக்கு ஆசை வந்தது. வராமல் இருக்குமா? ஈரமில்லாத இடத்தில் ஒரு நிமிடம் படுத்தால் போதும் என்றிருந்தது. அவள் தலையைத் தூக்கினாள். தோகையார் எட்டிப் பார்த்து, "ஏறட்டுமே! ஒரு இடம் காலியாத்தான் இருக்கு!" என்றார்.

"செம்மலையில இறக்கி விடுவீங்களா?"

"பார்க்கலாம்!"

"அப்போ நான் ஏற மாட்டேன்!" என்று கத்திவிட்டு, படகின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு ஐந்தாவது முறை வாந்தி எடுத்தாள்.

ஆறாம் நாள் செம்மலைத் தீவு தெரிந்தது. உச்சியிலிருந்து சிவப்பாக ஒரு கோடு கடல் வரைக்கும் இறங்கியிருந்தது. அது கடலைத் தொட்ட இடத்தில் வெள்ளை ஆவி சீறிக்கொண்டு எழுந்தது. அந்த ஆவிக்கு இந்தப் பக்கம், பாய் விரிக்கும் அளவுக்குக் கறுப்பு மணல். அதில் ஒரு பாறை. பாறையின் மேல் காத்தாயி!

மகாராணி பாறை வளையத்துக்கு வெளியே, வெகு தூரத்தில் நின்றது. "வலப்பக்கம் பாருங்கள்! நெருப்பு மலை!" என்று கூவினார் தோகையார். எல்லாரும் வலப்பக்கம் ஓடினார்கள். கப்பலைக் கண்டதும் காத்தாயி பாறையில் எழுந்து நின்று, வாலைத் தூக்கித் தூக்கி ஆட்டினாள்.

"அடடா, ஒரு உடும்பு வாலாட்டுது பாரு! என்ன அழகு!" என்றது ஒரு முயல். கப்பலே கை தட்டியது. சிலர் பதிலுக்குக் கையை ஆட்டினார்கள்.

காப்பாற்றச் சொல்லி ஒருத்தி உயிருக்குத் தவிக்கிறாள், இவர்கள் கை தட்டுகிறார்கள்! எனக்கு இதைச் சொல்லும்போதே பற்றிக்கொண்டு வருகிறது. மூக்காயிக்கு எப்படி இருந்திருக்கும்!

"சுழியா, விடு படகை!" என்றாள்.

தும்பி மகாராணியின் முன்னால் புகுந்து இடுக்கை நோக்கிப் பாய்ந்தது. தோகையாருக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

"ஏய், குறுக்கே வராதே! எங்க பயணிகளுக்கு மறைக்குது!"

"மறைக்கத்தான் வந்தேன்!" என்று திரும்பிக் கத்தினாள் மூக்காயி. "அது வேடிக்கை காட்டுற உடும்பு இல்ல! என் அக்கா காத்தாயி!"

கருப்பண்ணனின் வாயிலிருந்த தேனடை கடலில் விழுந்தது. போன வருடமும் இதே இடத்தில் ஓர் உடும்பு வாலாட்டியதும், இவர் வயிறு முட்டத் தின்றுவிட்டுக் கை தட்டியதும் அப்போதுதான் அவருக்கு நினைவுக்கு வந்தது. தோகையார் மறுபடியும் கத்த வாயைத் திறந்தார். கருப்பண்ணன் நேராகப் போய் அவருடைய தோகையின் மேல் உட்கார்ந்துகொண்டார்.

இடுக்குக்குள் தும்பி நுழைந்தபோது இரண்டு பக்கமும் பாறை உரசியது. உள்ளே தண்ணீர் கொதிக்கிற மாதிரி சுட்டது. மூக்காயி கயிற்றை இடுப்பில் கட்டிக்கொண்டு குதித்தாள். கரை விளிம்பில் இருந்த பாறையில் நாலு காலையும் பதித்தாள். அலை படகைப் பின்னால் இழுத்தது. கயிறு தெறித்துவிடும்போல் விறைத்தது. அவள் நகம் ஒன்று பிய்ந்தது. பிடி மட்டும் இளகவில்லை.

"அக்கா! ஓடு!"

காத்தாயி எலும்பும் தோலுமாக இருந்தாள். ஆனாலும் ஓடினாள். தங்கையின் முதுகில் ஏறி, கயிற்றில் நடந்து, படகுக்குள் விழுந்தாள். அவள் உட்கார்ந்திருந்த பாறையின் பின்பக்கத்தை நெருப்புக் குழம்பு வந்து தொட்டது.

"மூக்காயி, விட்டுட்டுக் குதி!" என்று அலறினான் சுழியன்.

உடும்பு பிடித்தால் லேசில் விடுமா? இத்தனை நேரம் உதவிய பிடி இப்போது அவளுக்கே தொல்லையாகிவிட்டது. கால்கள் பாறையோடு பாறையாக இறுகிப்போயிருந்தன.

"ஏ மூக்கி!" என்று அக்கா கூப்பிட்டாள். சின்ன வயதில் கூப்பிட்ட பெயர். "நான்தான் வந்துட்டேனே! இனி யாருக்காகப் பிடிச்சுக்கிட்டு இருக்கே? விடுடி!"

மூக்காயி விட்டாள். குதித்தாள். வால் நுனி மட்டும் கொஞ்சம் கருகியது.

திரும்பும் வழியில் காத்தாயி ஒரே ஒரு விஷயம்தான் சொன்னாள். "அந்தப் பெரிய கப்பல் போன வருஷமும் வந்துச்சுடி. நான் வாலை ஆட்டினேன். அவங்களும் கையை ஆட்டிட்டுப் போயிட்டாங்க." அதைக் கேட்டு மூக்காயி அக்காவின் கழுத்தைக் கட்டிக்கொண்டு அழுதாள். படகு ஆடிக்கொண்டுதான் இருந்தது. இந்த முறை அவளுக்கு வாந்தி வரவில்லை.

கழிமுகத்தில் இரண்டு கப்பல்களும் ஒரே நாளில் வந்து சேர்ந்தன. கருப்பண்ணன் இரண்டு கை நிறையத் தேனடை கொண்டுவந்து காத்தாயியின் முன்னால் வைத்துவிட்டு, தலையைத் தூக்காமல் நின்றார். காத்தாயி ஒரு துண்டை எடுத்துக் கடித்த பிறகுதான் அவர் மூச்சு விட்டார்.

தோகையாரும் வந்தார். தோகையின் நடுவே கரடி உட்கார்ந்த அளவுக்கு ஓர் ஓட்டை இருந்தது. இருந்தாலும் விரித்தார்.

"நடந்ததெல்லாம் போகட்டும், மூக்காயி! அடுத்த வருஷம் அக்காவையும் கூட்டிட்டு நம்ம மகாராணியில வா! ரெண்டு பேருக்கும் மேல்தட்டுல இடம்! வருவேதானே?"

துறையே காதைத் தீட்டிக்கொண்டு நின்றது. மூக்காயி கருகிய வாலை ஒரு தடவை மெல்லத் தூக்கிக் காட்டினாள், தோகையார் தோகையைக் காட்டுவது போலவே.

"பார்க்கலாம்!" என்றாள்.

நீதி: போகவேண்டிய இடம் எது என்று தெரிந்தவர்கள் கப்பல் எவ்வளவு பெரியது என்று கேட்பதில்லை, கரையில் இறக்கிவிடுமா என்றுதான் கேட்பார்கள்.