மேற்படியாரின் தாயார்

“கொலைகாரனைப் பெற்றவளை எந்தச் சொல்லால் எழுதுவது, சாமி?”

மருதையன் கேட்டான்.

அவனுக்கு நாற்பத்தாறு வயது. பச்சைமலை அடிவாரத்தில் சாமியின் குடிலுக்கு வருவதற்கு முன் இருபது வருடம் பத்திரம் எழுதியவன். யாரை எப்படி மரியாதையாகக் குறிப்பிடுவது என்ற சந்தேகம் வந்தால் ஊரே அவனிடம்தான் வரும்.

சாமி கீரை ஆய்ந்துகொண்டிருந்தார்.

காலையில் சிறையிலிருந்து ஓர் அஞ்சலட்டை வந்திருந்தது. எழுதியவன் கலியன். வாய்க்கால் தண்ணீர்த் தகராறில் மருதையனின் தம்பி தங்கராசுவை மண்வெட்டியால் அடித்துக் கொன்றவன்.

தம்பி செத்த பதினாறாம் நாள் காரியம் முடிந்ததும் மருதையன் வீட்டைவிட்டுக் கிளம்பினான். குடிலுக்கு வந்து எட்டு மாதம் ஆகிறது.

கலியனின் அம்மா பொன்னரும்பாலும் அந்த ஊரில் இருக்க முடியவில்லை. மலையடிவாரத்தில் இருக்கும் அண்ணன் வீட்டுக்கு வந்துவிட்டாள். மகன் அங்கே போட்ட மூன்று கடிதத்துக்கும் பதில் போகவில்லை. அவளுக்குப் படிக்கத் தெரியாது. படித்துக் காட்ட யாரும் முன்வரவில்லை.

அதனால் அதே அடிவாரத்தில் இருக்கும் சாமிக்கு எழுதியிருந்தான். அம்மா உயிரோடு இருக்கிறாளா, அதை மட்டும் தெரிவித்தால் போதும் என்று கேட்டிருந்தான்.

சாமிக்கும் எழுத வராது. தபால்காரர் படித்துக் காட்டியதில் யார் அனுப்பியது என்று தெரிந்தேதான் மருதையனிடம் கொடுத்தார். பதில் எழுது என்றார்.

மருதையன் ஒரு தாளை எடுத்தான்.

‘உன் அம்மா’ என்று எழுதினான். அது தன் அம்மாவைக் கூப்பிடும் சொல். அடித்தான்.

‘உன் ஆத்தாள்’ என்று எழுதினான். அதற்குப் பிறகு வசைதான் வந்தது. அதையும் அடித்தான்.

‘தாயார்’, ‘அன்னையார்’ எல்லாம் பெரிய மனிதர் வீட்டுப் பத்திரங்களில் அவன் கை பழகிய சொற்கள். இப்போது கை நகர மறுத்தது.

எழுந்து நடந்தான். கத்தரிப் பாத்திக்குத் தண்ணீர் விட்டான். அரைமணி கழித்து அதே பாத்திக்கு மறுபடியும் விட்டான்.

கடைசியில் பத்திர நடையிலேயே ‘மேற்படியாரின் தாயார்’ என்று எழுதிக்கொண்டு வந்து படித்துக் காட்டினான்.

சாமி கீரையைத் தள்ளி வைத்தார்.

“மேற்படியாரின் தாயார் எப்படி இருக்கிறார்?”

“உயிரோடு இருக்கிறார் என்று போட்டிருக்கிறேன்.”

“பார்த்தாயா?”

“இல்லை.”

சாமி எழுந்து வாசலுக்குப் போனார். மருதையனின் செருப்பைக் கையில் எடுத்து வந்து, அவன் காலடியில் வைத்தார்.

இரண்டு மைல் தூரம். மருதையன் வழியில் இரண்டு முறை திரும்பினான். இரண்டு முறையும் மறுபடி நடந்தான்.

பொன்னரும்பு முற்றத்தில் கடலை உடைத்துக்கொண்டிருந்தாள். இளைத்திருந்தாள். அவனைக் கண்டதும் எழுந்து நின்றாள்.

சின்ன வயதிலிருந்து அவளை அத்தை என்றுதான் கூப்பிட்டிருக்கிறான். இப்போது எதுவும் சொல்லிக் கூப்பிடாமலே பேச்சை ஆரம்பித்தான். மகன் விசாரித்து எழுதியிருக்கிறான், பதிலில் என்ன எழுதுவது என்று கேட்டான்.

நல்லா இருக்கேன்னு எழுதுங்க என்றாள்.

அவன் கிளம்பினான். தெருமுனைவரை பின்னாலேயே வந்தாள். அவன் நின்றான்.

“உங்க தாயாரு இப்ப சாப்புடுறாங்களா?”

அவன் அவளையே பார்த்தான். நாற்பது வருடம் பக்கத்துப் பக்கத்து வயல். அவன் அம்மாவை அவள் ‘ஏ புள்ள’ என்றுதான் கூப்பிடுவாள்.

“அன்னிக்கு மூணு நாளா தண்ணிகூடத் தொடலன்னு சொன்னாங்க. நான் வந்து கேக்குற மாதிரியா இருக்கு? நீங்க மூத்த பிள்ளை, உங்களுக்குத் தெரியுமேன்னு கேட்டேன்.”

மருதையன் திரும்பி வேகமாக நடந்தான். எட்டு மாதத்தில் அவன் வீட்டுக்கு ஒரு வரி எழுதியதில்லை.

குடிலுக்கு வந்ததும் முகம்கூடக் கழுவாமல் உட்கார்ந்து எழுதினான். இந்தத் தடவை அடித்தல் திருத்தல் இல்லை.

படி என்றார் சாமி.

“உங்கள் தாயார் நலமாக இருக்கிறார். நான் நேரில் போய்ப் பார்த்தேன். என் தாயார் சாப்பிடுகிறாரா என்று விசாரித்தார்.”

“நீ என்ன சொன்னாய்?”

மருதையன் தாளை மடித்து சாமியின் கையில் கொடுத்தான்.

ஊருக்குக் கடைசி பஸ் எத்தனை மணிக்கு என்று கேட்டான்.