மொக்கராசு சொன்னாலும் நிறுத்து

“சாக்கு நனைக்கிறதுக்கா தாயி நான் உங்கிட்ட வந்தேன்?”

சின்னமாயன் இப்படிக் கேட்டபோது அவர் கையில் நிஜமாகவே ஒரு ஈரச் சாக்கு இருந்தது.

வருசக்கணக்கில் மலையில் லாரி ஓட்டிய மனுசன். பவுனுத்தாயைவிட மூத்தவர். ஆனால் போடிக்கு மேலே எந்த வண்டி பள்ளத்தில் இறங்கினாலும் ஆள் போவது பவுனுத்தாயைத் தேடித்தான். அவளுடைய ஜீப்பின் முன்னால் வின்ச் இருக்கிறது. உருளையில் சுற்றிய இரும்பு ரோப், நுனியில் கொக்கி, கையில் ஒரு ரிமோட். பட்டனை அமுக்கினால் லோடு வண்டியே மேலே வரும்.

அந்தப் பட்டனுக்கு ஆசைப்பட்டுத்தான் சின்னமாயன் அவளிடம் சேர்ந்தார். கிடைத்தது என்னவோ கையுறையும் சாக்கும்தான்.

“ரோப் அறுந்தா சாட்டை மாதிரி அடிக்கும்ணே. ஈரச் சாக்கு மேல கெடந்தா அமுக்கிப் போட்டுரும்.”

“அதெல்லாம் தெரியும். பட்டனை எப்பத் தருவே?”

“நிறுத்துங்கண்ணே.”

“எதை நிறுத்த? நான் பாக்காத பள்ளமா? இந்த மலையில எனக்குத் தெரியாத வளைவு இருக்கா? நான் கேக்குறதுல ஒரு நியாயம்...”

“அதுக்குத்தான் தரல” என்றாள் பவுனுத்தாய்.

சின்னமாயனுக்கு ஒன்றும் விளங்கவில்லை. கோபம்தான் பொத்துக்கொண்டு வந்தது.

அந்தக் கோபம் ஆறுவதற்குள் போன் வந்துவிட்டது. கரடிப்பாறை வளைவில் ஒரு ஜீப் இறங்கிவிட்டது. ஓட்டியவன் ராசாங்கம்.

சின்னமாயனின் மருமகன்.

“எம்மக மாசமா இருக்கா தாயி” என்றார் வழியெல்லாம். வேறு எதுவும் அவர் வாயில் வரவில்லை.

வளைவுக்குப் போனால் ஊரே அங்கே நிற்கிறது.

நம்ம ஆட்களைப் பற்றித் தெரியாதா? ஒரு வண்டி கவிழ்ந்தால் போதும், நிற்கிறவன் அத்தனை பேரும் இன்ஜினியர். “இழு”ங்கிறான் ஒருத்தன். “தள்ளு”ங்கிறான் ஒருத்தன். எஸ்டேட் சூப்பர்வைசர் தனுஷ்கோடி ஒரு கல்லின் மேல் ஏறி நின்று எல்லாருக்கும் உத்தரவு போடுகிறார். மொக்கராசு மத்தியானமே தண்ணி ஏற்றிக்கொண்டு வந்து, யாரைப் பார்த்து என்று தெரியாமல் ஆடிக்கொண்டே கத்துகிறான்.

கீழே ஜீப் ஒரு மரத்தில் சாய்ந்து தொங்கிக்கொண்டிருந்தது.

பவுனுத்தாய் பக்கவாட்டில் இறங்கிப் போய்ப் பார்த்தாள். ராசாங்கம் மயக்கத்தில் இருந்தான். மூச்சு இருந்தது. கதவு திறக்கவில்லை. ஏறி ஆளை இறக்கலாம் என்றால், ஒரு கால் வைத்தாலே வண்டி நழுவியது.

“மொதல்ல வண்டியைப் பிடிக்கணும். அப்புறம்தான் ஆளு.”

தன் ஜீப்பின் டயர்களுக்குக் கல்லை முட்டுக் கொடுத்தாள். பின்பக்கத்தைப் பெல்ட் போட்டுப் பாறையோரப் பெரிய மரத்தோடு கட்டினாள். ரோப்பை இழுத்துக்கொண்டு போய்த் தொங்குகிற வண்டியில் கொக்கியை மாட்டினாள். சின்னமாயன் ஈரச் சாக்கை ரோப்பின் மேல் போட்டார்.

பிறகு அவள் ரிமோட்டை அவர் கையில் வைத்தாள்.

“நானா? இன்னைக்கா?”

“நான் வளைவுல நின்னாத்தான் ரெண்டு வண்டியும் தெரியும். வேற ஆளு யாரு இருக்கா? கேளுங்க. இழுன்னு நான் மட்டும்தான் சொல்லுவேன். கையைத் தூக்கினா இழுங்க. நிறுத்துன்னு யாரு சொன்னாலும் நிறுத்துங்க.”

“யாரு சொன்னாலுமா?”

“யாரு சொன்னாலும்.”

“அந்தா நிக்கிறானே மொக்கராசு, அவன் சொன்னா?”

“மொக்கராசு சொன்னாலும்.”

அவள் வளைவுக்குப் போனாள். கையைத் தூக்கினாள்.

சின்னமாயன் அமுக்கினார். உருளை சுற்றியது. ரோப் விறைத்தது. கீழே ஜீப் முனகிக்கொண்டு அசைந்தது. கூட்டம் ஓவென்று கத்தியது.

“வருது! வருது! இழு! விடாத!”

“நிறுத்தூ!”

சின்னமாயன் கட்டைவிரலை எடுத்தார். எல்லாம் நின்றது.

“என்னய்யா?”

“என் செருப்பு அந்தப் பக்கம் கெடக்கு” என்றான் மொக்கராசு. “தாண்டிப் போகணும்.”

அடி விழாத குறைதான். வளைவிலிருந்து பவுனுத்தாய் சத்தம் போட்டாள்.

“ரோப்பைத் தாண்டாதீங்கண்ணே! என் ஜீப்புக்குப் பின்னால சுத்திப் போய் எடுத்துக்கங்க!”

அவன் ஆடி அசைந்து சுற்றிப் போனான். செருப்பைப் போட்டான். திரும்பி வந்தான். அதுவரைக்கும் ஊரே காத்திருந்தது. சின்னமாயனுக்கு ரத்தம் கொதித்தது.

கை தூக்கினாள். இழுத்தார்.

“எப்பா, நிறுத்து நிறுத்து!” இப்போது தனுஷ்கோடி.

நிறுத்தினார்.

“கொக்கியை இன்னும் கொஞ்சம் அந்தப் பக்கமா மாட்டியிருக்கலாம்.”

“பாத்தாச்சு சார், சரியாத்தான் இருக்கு!” என்று பவுனுத்தாய் பதில் சொன்னாள்.

“இல்ல, ஒரு அபிப்பிராயம் சொன்னேன்.”

சின்னமாயனால் பொறுக்க முடியவில்லை. “என்ன தாயி இது? கண்டவன் சொல்றதுக்கெல்லாம் நின்னா எம்மருமகன் என்னைக்கு மேல வர்றது?”

அவள் கையை மட்டும் தூக்கினாள்.

அமுக்கினார். ரோப் ஏறியது. இந்தத் தடவை நன்றாக வருகிற மாதிரி இருந்தது.

“நிறுத்து!”

மறுபடியும் மொக்கராசு.

சின்னமாயனின் விரல் எடுக்க மாட்டேன் என்றது. பாழாய்ப்போனவன், குடிகாரன், இவன் பேச்சையா கேட்பது? உள்ளே கிடப்பது என் மகளின் புருசன்! பவுனுத்தாயைப் பார்த்தார். அவள் கை கீழே இறங்கியிருந்தது.

விரலை எடுத்தார்.

“இப்ப என்னடா?”

“ஒண்ணுமில்ல மாமா” என்றான் மொக்கராசு. “சொன்னா நிக்குதான்னு பாத்தேன்.”

நாலு பேர் அவன் சட்டையைப் பிடித்துவிட்டார்கள்.

“அவரை விடுங்க!” வளைவிலிருந்து வந்த அந்தக் குரலில் பிடித்த கைகள் விலகின. “மொக்கராசண்ணே, நீங்க சொன்னா நிக்கும். எத்தனை தடவ சொன்னாலும் நிக்கும்.”

மொக்கராசு வின்ச்சைப் பார்த்தான். விறைத்து நின்ற ரோப்பைப் பார்த்தான். கீழே தொங்குகிற ஜீப்பைப் பார்த்தான்.

பாவம், வீட்டில் அவன் கேட்டு ஒரு டம்ளர் தண்ணீர் வந்ததில்லை. ஊரில் அவன் பேச்சுக்கு ஒரு ஆள் திரும்பிப் பார்த்ததில்லை. இங்கே அவ்வளவு பெரிய இரும்பு அவன் ஒரு சொல்லுக்கு நிற்கிறது.

அவனுக்குப் பயம் வந்துவிட்டது. தோளில் கிடந்த துண்டை எடுத்து வாயைப் பொத்திக்கொண்டான்.

“நான் இருந்தா அந்தக் கொக்கியை...” என்று தனுஷ்கோடி ஆரம்பித்தார்.

“உஷ்!” மொக்கராசு பாய்ந்தான். “சும்மா இருங்க சார்! நம்ம வாயைத் தொறந்தா வண்டி நின்னுரும்!”

தனுஷ்கோடி வாயை மூடினார். பக்கத்தில் நின்றவர் மூடினார். வளைவுக்கு அப்பால் ஹார்ன் அடித்துக்கொண்டிருந்த பஸ்ஸுக்கு யாரோ ஓடிப்போய்க் கையைக் காட்டினார்கள். கத்திக்கொண்டிருந்த அத்தனை பேரும், தங்கள் வாயில் ஏதோ உடையக்கூடிய சாமான் இருக்கிற மாதிரி, கப்சிப்பென்று நின்றார்கள்.

பவுனுத்தாய் கையைத் தூக்கினாள்.

உருளை சுற்றுகிற சத்தம் கேட்டது. கல் உருளும் சத்தம் கேட்டது. சின்னமாயனுக்குத் தன் நெஞ்சு அடிப்பதே கேட்டது.

அப்புறம் கீழே ஜீப்பிலிருந்து இன்னொன்று கேட்டது.

“மாமா... நிறுத்துங்க...”

விரல் தானாக எழும்பியது.

பவுனுத்தாய் ரோப்பை விட்டு விலகி, மேட்டைச் சுற்றிக் கீழே ஓடினாள். எட்டிப் பார்த்தாள். மேலிருந்தும், முதலில் அவள் இறங்கிப் பார்த்த இடத்திலிருந்தும் தெரியாத பக்கம் அது. நசுங்கிய கதவு வழியாக ராசாங்கத்தின் கால் வெளியே வந்து, கதவுக்கும் மரத்துக்கும் நடுவில் மாட்டியிருந்தது. வண்டி ஏற ஏற மரம் காலை நெருக்கிக்கொண்டிருந்தது.

“கொஞ்சம் விடுங்கண்ணே! போதும்! நிறுத்துங்க!”

ரோப் இளகியது, நின்றது. அவள் இடுப்பில் செருகியிருந்த அரிவாளால் மரப்பட்டையைச் செதுக்கி, காலை மெல்ல உள்ளே தள்ளினாள். அவன் அலறினான். ஊர் முழுக்க அழுதது, ஆனால் ஒருத்தரும் சத்தம் போடவில்லை.

அவள் வளைவுக்குத் திரும்பினாள். கையைத் தூக்கினாள்.

ஜீப் ரோட்டுக்கு வந்துவிட்டது!

கதவைப் பெயர்த்து ராசாங்கத்தை இறக்கினார்கள். முழங்காலுக்குக் கீழே ஒரே ரத்தம். ஆனால் கால் இருந்தது, விரல்களை அசைத்தான். சின்னமாயன் ரிமோட்டைப் பிடித்தபடியே அவனைக் கட்டிக்கொண்டு ஓவென்று அழுதார்.

“நல்ல வேளைடா மாப்ள! நல்ல நேரத்துல முழிச்சே! கடைசி நேரத்துல ஒரு வார்த்தை சொன்னே பாரு!”

ராசாங்கம் அவரை விநோதமாகப் பார்த்தான்.

“மொத இழுப்புலயே முழிச்சுட்டேன் மாமா. அப்ப இருந்து கத்திக்கிட்டேதான் இருந்தேன்.”