நானூற்றுப் பன்னிரண்டு அடி

முன்னே ஒரு காலத்தில் ஒரு நாடு இருந்தது. எந்த நாடு என்று கேட்காதீர்கள். பெயரைச் சொன்னால், "எங்கள் ஊரையா கேலி செய்கிறாய்?" என்று யாராவது சண்டைக்கு வந்துவிடுவார்கள். அதை ஆண்டவர் சிங்கவேள் மகாராஜா. நல்ல மனிதர், கொடுங்கோலர் இல்லை. நாளுக்கு ஒரு ஆசை வரும், அது ஒன்றுதான் அவரிடம் தொல்லை.

அவர் பட்டம் ஏறிய அன்று அரண்மனைச் சோதிடர், "சூரியன் உதித்ததும் வரும் முதல் நாழிகையில் எதைத் தொட்டாலும் விளங்கும்" என்று சொல்லிவிட்டார். அவ்வளவுதான், எல்லா அதிகாரிகளும் அந்த ஒரு நாழிகையைப் பிடித்துக்கொண்டார்கள். குளத்து அதிகாரி நல்ல தண்ணீர்க் குளத்தின் கதவை முதல் நாழிகையில்தான் திறந்தார். களஞ்சிய அதிகாரி குத்துவதற்கு நெல் கொடுத்ததும் முதல் நாழிகையில்தான். மனு கேட்கும் மண்டபத்துக்கு நாயகரான சடையநாயகரும் அதே நாழிகையில்தான் கதவைத் திறந்தார். ஒவ்வொரு இடத்திலும் தனித்தனியாக ஒரு நாழிகை வட்டில் இருந்தது. அடியில் சிறு துளை போட்ட செம்புக் கிண்ணம் அது. தண்ணீரில் மிதக்கவிட்டால் மெல்ல மெல்ல நிறைந்து மூழ்கும். மூழ்கினால் சேகண்டி அடிப்பார்கள், கதவு மூடும். மூன்று பேரும் ஒருவரை ஒருவர் ஒரு வார்த்தை கேட்டதில்லை.

நம் ஆள் மருதக்கூத்தனும் அந்த நாழிகைக்கு அடிமைதான். அவன் அரண்மனை விகடன். அரசர் முதல் நாழிகையில் ஒருமுறை வாய்விட்டுச் சிரித்தால் நாடு செழிக்கும் என்று அதே சோதிடர் சொல்லியிருந்தார். அதனால் கோழி கூவும்போதே கூத்தன் அரண்மனையில் போய் நிற்க வேண்டும். தூக்கக் கலக்கத்தில் இருக்கிற ஒருவரைச் சிரிக்கவைப்பது எவ்வளவு சிரமம் என்று கட்டிக்கொண்டவர்களுக்குத் தெரியும்.

ஒருநாள் சபைக்கு வந்த குதிரை வியாபாரி ஒருவன், மலைக்கு அந்தப்பக்கம் ஒரு நாட்டில் ஆணும் பெண்ணும் சமமாம் என்று பேச்சுவாக்கில் சொல்லிவிட்டுப் போனான். அரசருக்கு அன்றைக்குச் சாப்பாடு இறங்கவில்லை. மறுநாளே கல்தச்சரைக் கூப்பிட்டு, ஆள் உயரக் கல் ஒன்றைச் சபை முற்றத்தில் நிறுத்தச் சொன்னார்.

"இதில், 'இந்நாட்டில் ஆணும் பெண்ணும் சமம்' என்று வெட்டுங்கள். எவ்வளவு சமம் என்று அதற்குக் கீழே ஓர் எண்ணும் இருக்க வேண்டும். அதிகாரிகளே, எண் என்ன?"

"நூற்றுக்கு நூறு, அரசே" என்றார் குளத்து அதிகாரி. "குளத்தின் கதவு ஆணுக்கு ஒரு மாதிரி, பெண்ணுக்கு ஒரு மாதிரி திறப்பதில்லை."

"என்னிடம் நூற்றுக்கு நூற்றிருபது" என்றார் களஞ்சிய அதிகாரி. "நெல் குத்தும் வேலையைப் பெண்களுக்கு மட்டுமே கொடுக்கிறேன்."

சடையநாயகர் மீசையைத் தடவிக்கொண்டு எழுந்தார். "அரசே, என் மண்டபத்துக்கு ஏழு வருடமாக ஒரு பெண்கூடக் குறை சொல்லி வந்ததில்லை. குறை இருந்தால் வந்திருக்க மாட்டார்களா? என் கதவுக்கு ஆண், பெண், ஆண்டி, அரசன் என்ற பேதமே கிடையாது. மன்னரே நாழிகை தப்பி வந்தாலும் அது திறக்காது."

அந்த நேரத்தில் கூத்தனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அது சந்தோஷச் சிரிப்பு இல்லை. முந்தின நாள் மாலை அவன் வீட்டு வாசலில் நின்று அழுத அரியநாச்சியின் முகம் ஞாபகம் வந்து, வயிறு எரிந்து வந்த சிரிப்பு.

அரியநாச்சி அவன் தெருக்காரி. புருஷன் செத்து வருடம் ஆகப்போகிறது. அவன் விட்டுப்போனது பதினேழு மாமரம் நிற்கிற ஒரு தோப்பு. புருஷன் இறந்த ஒரு வருடத்துக்குள் மனைவி மண்டபத்துக்கு வந்து தன் வாயால் கேட்காவிட்டால் சொத்து கொழுந்தனுக்குப் போய்விடும். அது அந்த நாட்டுச் சட்டம். கொழுந்தன் அதற்குள் மரங்களுக்கு வேலி அளந்துகொண்டிருந்தான்.

"போய்க் கேக்க வேண்டியதுதானே, தாயி?" என்று கூத்தன் கேட்டிருந்தான்.

"எப்படிண்ணே போவேன்? குளத்துக்குப் போயிட்டு, களஞ்சியத்துக்கு ஓடி, அங்கிருந்து மண்டபத்துக்கு ஓடுறதுக்குள்ள சேகண்டி அடிச்சிடுது. தண்ணியை விட்டா ரெண்டு புள்ளைகளும் நாளெல்லாம் வறண்டு கிடக்கும். நெல்லுக்கு ஒருநாள் போகலைன்னா ஒரு மாசம் வேலை கிடையாது. அக்கம்பக்கத்துல கேக்கலாம்னா அவளுகளும் என்னை மாதிரிதான் ஓடுறாளுக. ஆம்பளைங்க குடத்தைத் தொட்டா மானம் போயிடும்ங்கிறாங்க. இன்னும் மூணே நாள்தாண்ணே இருக்கு."

கூத்தனே குடத்தை எடுத்திருப்பான். ஆனால் அந்த நாழிகையில் அவன் அரசர் முன்னால் பல்லைக் காட்டிக்கொண்டு நிற்க வேண்டும். அரசரிடம் நேரே சொல்லவும் வழியில்லை. விகடன் பிறத்தியார் வழக்கைச் சபையில் பேசினால் பதவி போகும் என்று சடையநாயகர் எப்போதோ உத்தரவு வாங்கி வைத்திருந்தார். அரசர் தன்னைவிட ஒரு விகடனிடம் அதிகம் பேசுகிறாரே என்ற எரிச்சல்தான் அவருக்கு.

இப்போது அவருக்கு நல்ல வாய்ப்பு கிடைத்தது. "கூத்தன் சிரிக்கிறான், அரசே. எங்கள் எண் தப்பென்று நினைக்கிறான் போலும். அவனே அளந்து சொல்லட்டும். மூன்று நாள் அவகாசம். சொல்லத் தெரியாவிட்டால் நாட்டை விட்டுப் போகட்டும்."

அரசருக்குப் பந்தயம் என்றால் உயிர். "சம்மதமா, கூத்தா?"

"சம்மதம், அரசே. ஆனால் அளக்க எனக்கு ஓர் அளவுகோல் வேண்டும். நம் நாட்டில் முழம் என்பது தங்கள் முழங்கை, சாண் என்பது தங்கள் விரித்த கை, அடி என்பது தங்கள் திருப்பாதம். தங்கள் அங்கத்தால் அளக்காத அளவு எதுவும் செல்லாது என்பது சட்டம் அல்லவா?"

உண்மைதான். புது அரசர் பட்டத்துக்கு வந்தால் அந்த ஊர்த் துணி வியாபாரிகள் முதலில் எட்டிப் பார்ப்பது அவர் கை நீளத்தைத்தான்.

"ஆகவே மூன்றாம் நாள் முதல் நாழிகைக்குத் தாங்களே எனக்கு அளவுகோலாக வர வேண்டும். அளவுகோல் நான் வைத்த இடத்தில் நிற்கும். கொடுத்ததைச் சுமக்கும். வாய் பேசாது. கிரீடமும் வைக்காது."

அரசர் ஒரு கணம் யோசித்தார். இதுவரை தான் அளவுகோலாக இருந்ததில்லை என்பது ஞாபகம் வந்ததும் அவர் முகம் மலர்ந்துவிட்டது. ஒப்புக்கொண்டார்.

இரண்டாம் நாள் மாலை கூத்தன் அரியநாச்சியின் வீட்டுக்குப் போனான்.

"தாயி, நாளைக்கு உன் குடத்தையும் நெல் வாங்கக் காட்டுற மர வில்லையையும் எங்கிட்டக் குடு. நீ விடியக்காலையிலயே மண்டபத்து வாசல்ல போய் நில்லு."

"அப்ப தண்ணியும் நெல்லும் யாருண்ணே வாங்குவா?"

"ஒரு ஆளைப் பிடிச்சு வச்சிருக்கேன். நல்ல மனுஷன். பழக்கம் கிடையாது, கொஞ்சம் சிந்துவாரு. நீ கண்டுக்காத."

மறுநாள் சங்கு ஊதியது. மூன்று இடத்திலும் வட்டில்களைத் தண்ணீரில் விட்டார்கள். தலையில் துண்டை முக்காடு போட்டு, நாலு முழ வேட்டியோடு, இடுப்பில் குடத்துடன் குளத்தங்கரை வரிசையில் நின்றார் சிங்கவேள் மகாராஜா. பின்னால் கையில் சுண்ணாம்புக் கட்டியோடு கூத்தன்.

வரிசையில் நின்ற பெண்களுக்கு அதைப் பார்த்ததும் தாங்கவில்லை. "அடியே, ஒரு ஆம்பளை தண்ணிக்கு வந்திருக்கு பாருங்கடி" என்றாள் ஒருத்தி. "யாரு பெத்த புள்ளையோ, பொண்டாட்டி மேல எம்புட்டுப் பிரியம்" என்றாள் இன்னொருத்தி. மூன்றாவதாக நின்ற ஒரு கிழவி, "குடத்தைச் சாய்ச்சு முக்குப்பா, குழந்தையைத் தூக்குற மாதிரி தூக்கு" என்று அவர் கையைப் பிடித்தே சொல்லிக்கொடுத்தாள். அளவுகோல் பேசக்கூடாது என்பதால் அரசர் தலையை மட்டும் ஆட்டினார். யானை மேல் ஏறிப் போர் செய்த இடுப்பு ஒரு குடத்துக்கு வளையமாட்டேன் என்றது. குடத்தில் இருந்ததில் கால்வாசி அவர் வேட்டிக்குப் போனது.

களஞ்சியத்தில் அதைவிட நீண்ட வரிசை. வில்லையை வாங்கிப் பார்த்த ஆள், "ஏன், அவளுக்குக் கால் நோகுதா?" என்று எரிந்து விழுந்துகொண்டே ஒரு மூட்டை நெல்லைத் தூக்கி அரசர் தலையில் வைத்தான். நாட்டில் அந்தத் தலையில் வேறு எதையும் யாரும் வைத்ததில்லை, கிரீடத்தைத் தவிர.

இடுப்பில் குடம், தலையில் மூட்டை. அரசர் ஓடினார். மூச்சு இரைத்தது. தெரு முனை திரும்பி மண்டபத்தின் கோபுரம் கண்ணில் பட்ட நேரத்தில், கணீரென்று சேகண்டி அடித்தது.

"அரசே, நில்லுங்கள்" என்றான் கூத்தன். அவர் கால் நின்ற இடத்தில் சுண்ணாம்பால் ஒரு கோடு போட்டான். "இனி அளவு. குதிகாலோடு பெருவிரலை ஒட்டி, அடி மேல் அடி வைத்து வாருங்கள்."

ஒன்று, இரண்டு என்று எண்ணிக்கொண்டே வந்தான். ஊரே வாசலுக்கு வந்து பார்த்தது. மண்டபத்தின் படியில் அரசர் காலை வைத்தபோது எண்ணிக்கை நானூற்றுப் பன்னிரண்டு. கதவு மூடியிருந்தது.

அரசர் கதவைத் தட்டினார். காவலன் சிறு சாளரத்தைத் திறந்து, "நாழிகை முடிஞ்சுது. நாளைக்கு வா" என்றான். அரசர் துண்டை விலக்கினார். காவலனுக்கு முகம் வெளுத்துவிட்டது. ஆனாலும், "மன்னிக்கணும் ராசா. மன்னரே வந்தாலும் திறக்கக் கூடாதுன்னு நாயகர் உத்தரவு" என்று சொல்லிச் சாளரத்தை மூடினான்.

அரசர் நெல் மூட்டையை இறக்கி வைத்துவிட்டுப் படியில் உட்கார்ந்தார். கோபமா, அழுகையா என்று முகத்தைப் பார்த்தால் சொல்ல முடியவில்லை. கூத்தன் மூடிய கதவையே பார்த்தான். உள்ளே அரியநாச்சி பேசி முடித்தாளா, இல்லை பயந்து திரும்பிவிட்டாளா என்று அவனுக்குத் தெரியாது.

கொஞ்ச நேரத்தில் கதவு தானாகவே திறந்தது. சடையநாயகர் சிரித்த முகத்தோடு ஓலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு வெளியே வந்தார். "அரசே, ஜெயித்துவிட்டேன். இன்று ஒரு பெண் வந்தாள். நேரத்துக்கு வந்து மனுவும் சொன்னாள், ஓலையில் ஏறிவிட்டது. பெண்களால் வர முடியாது என்று இந்தக் கூத்தன் இனி எப்படிச் சொல்வான்?"

அவர் பின்னால் அரியநாச்சி வந்தாள். அவள் கண் முதலில் போனது குடத்துக்குத்தான். அரசர் களைப்பில் அந்தத் தண்ணீரைக் காலில் ஊற்றிக் கழுவக் குனிந்திருந்தார்.

"ஐயா, ஐயா, கால் கழுவிடாதீங்க" என்று ஓடி வந்தாள். "நாளெல்லாம் புள்ளைகளுக்கு அதுதான் தண்ணி."

அரசர் குடத்தைக் கீழே வைத்தார். அவளைப் பார்த்தார். வில்லையைப் பார்த்தார். பிறகு கூத்தனைப் பார்த்தார்.

"இது இவளுடைய குடமா?"

"ஆமாம், அரசே. அளவு முடிந்தது, சொல்லிவிடுகிறேன். நம் நாட்டில் மண்டபத்துக்கும் பெண்களுக்கும் நடுவே நானூற்றுப் பன்னிரண்டு அடி. தங்கள் பாதத்தால் அளந்தது, அதனால் ஒருவரும் மறுக்க முடியாது. நாயகர் சொல்வதும் மெய்தான், இன்று ஒரு பெண் நேரத்துக்கு வந்தாள். ஒரு பெண் வருவதற்கு ஓர் அரசர் தண்ணீர் சுமக்க வேண்டியிருக்கிறது. நாட்டில் பெண்கள் லட்சம் பேர். அரசர் ஒருவர்தான் இருக்கிறீர்கள்."

சடையநாயகரின் கையில் இருந்த ஓலை கீழே விழுந்தது. அரசர் தன் ஈர வேட்டியைப் பார்த்தார். தலையில் ஒட்டியிருந்த உமியைத் தட்டினார். சிரிக்க ஆரம்பித்தார். படியில் உட்கார்ந்தவர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்ததில் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அன்றைக்குச் சிரிப்பு முதல் நாழிகையைத் தாண்டித்தான் வந்தது, ஆனாலும் நாடு நன்றாகவே செழித்தது.

அரசர் அங்கேயே தீர்ப்பும் சொன்னார். பதினேழு மரமும் அரியநாச்சிக்கு. மூன்று அதிகாரிகளின் வட்டில்களில் இரண்டை உருக்கிவிட வேண்டும். ஒவ்வொரு அமாவாசையும் மூவரும் ஒரே பாயில், மிச்சமிருக்கும் ஒரு வட்டிலைச் சுற்றி உட்கார்ந்து, எந்தக் கதவு எப்போது திறப்பது என்று பேசி முடிவு செய்ய வேண்டும். பேசி முடிக்காமல் எழுந்தால் மறுநாள் குடம் அவர்கள் இடுப்பில்.

கூத்தனுக்கு அரசர் முத்து மாலையைக் கழற்றிப் போட்டார். அதை வாங்கிக்கொண்டு, "அந்தக் கல்லையும் கொடுங்கள், அரசே" என்றான் கூத்தன். அதில் 'சமம்' என்று வெட்டி முடித்திருந்தார்கள், எண்ணுக்கு இடம் காலியாக இருந்தது. கல்லை இழுத்துப் போய்ச் சுண்ணாம்புக் கோட்டின் மேல் நட்டார்கள்.

வருடம் ஒருமுறை அதே நாளில் அளவுகோல் குடத்தோடு ஓடியது. சேகண்டி அடித்த இடத்துக்குக் கல் நகர்ந்தது. முதல் வருடம் அதிகாரிகள் பாயில் உட்கார்ந்து சண்டைதான் போட்டார்கள், கல் இருபது அடிகூட நகரவில்லை. அமாவாசைக்கு மறுநாளெல்லாம் மூன்று இடுப்பிலும் குடம் ஏறியது. அதற்குப் பிறகு ஒவ்வொன்றாக மாறியது: குளத்துக் கதவு விடியுமுன் திறந்தது, நெல் சாயங்காலத்துக்கு மாறியது, மனு மண்டபம் மூன்று நாழிகை திறந்திருந்தது. கல் தெருவில் தடதடவென்று இறங்கி வந்தது.

ஐந்தாம் வருடம் அரசர் மூச்சு வாங்காமல் உள்ளே நுழைந்தார். கல்லுக்கு நகர இடமில்லை. அதைப் படுக்கப்போட்டு மண்டபத்துக்கு முதல் படியாக்கிவிட்டார்கள்.

அரியநாச்சி வருடாவருடம் கூத்தன் வீட்டுக்கு ஒரு கூடை மாம்பழமும், அரண்மனைக்கு ஒரு கூடையும் அனுப்பினாள். அந்தப் படியில் வெட்டிய எழுத்து மட்டும் பெண்கள் ஏறி இறங்கியே தேய்ந்துபோயிற்று. திரும்ப வெட்டட்டுமா என்று கல்தச்சர் வந்து கேட்டார். வேண்டாம் என்று சொல்லி, அரசர் மாம்பழம் சாப்பிட்டுக்கொண்டே சிரித்தார்.