மின்சாரம் கேட்ட மகாராஜா

முன்னொரு காலத்தில், எண்ணெய் தீர்ந்தால் அரண்மனையே இருட்டு என்றிருந்த ஒரு தேசத்தில், ஒரு ராஜா இருந்தார். நல்ல மனுஷர்தான். ஆனால் மத்தியான விருந்து முடிந்து சிம்மாசனத்தில் சாய்ந்தாரோ இல்லையோ, கொட்டாவி வந்துவிடும். ஒருநாள் அயல்நாட்டுத் தூதுவன் எதிரிலேயே குறட்டை விட்டுவிட்டார். மானம் கப்பலேறியது! சுறுசுறுப்புக்கு உடனே மருந்து வேண்டும் என்று அடம்பிடித்தார்.

அரண்மனை வைத்தியர் மருதீசர் காய்ச்சாத கஷாயமில்லை. ஒன்றும் பலிக்கவில்லை. அந்தக் கஷாயங்களைச் சபையில் வைத்துக் கிண்டலடித்தவன் விகடன் அழகாத்திரி. அவனைத் தீர்த்துக்கட்ட வைத்தியர் சமயம் பார்த்திருந்தார்.

"மகாராஜா, நவச்சாரம் என்றொரு மருந்துண்டல்லவா? அதுபோல மின்னலிலிருந்து எடுப்பது மின்சாரம். ஒரு துளி போதும், தூக்கம் பறந்துவிடும். அதைக் கொண்டுவரும் சாமர்த்தியம் அழகாத்திரிக்குத்தான் உண்டு."

"அழகாத்திரி! அடுத்த மழைக்குள் மின்சாரம் இங்கே வந்தாக வேண்டும். வராவிட்டால் உன் தலை தப்பாது!"

"தாங்கள் கேட்பது மின்சாரம்தானே, பிரபு?"

"மின்சாரமேதான்!"

அழகாத்திரி நேரே கொத்தனாரிடம் போனான். மூங்கிலும் கயிறும் வந்திறங்கின. அரண்மனைக் கோபுரத்தையும் தாண்டிச் சாரம் எழும்பியது.

"எதுக்குங்க சாமி இவ்வளவு உசரம்?" என்றார் கொத்தனார்.

"வரப்போகிறவர் அங்கிருந்துதானப்பா இறங்குவார்."

வானம் கறுத்ததும் சபையே வாசலில் கூடியது.

"பிரபு, சுண்ணாம்படிக்க ஒரு சாரம் உண்டு. இது மின்னல் இறங்கச் சாரம். மின்சாரம்!"

ராஜாவுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "விளையாடுகிறாயா? நான் கேட்டது மருந்து!"

"மருந்தும் வரும், பிரபு. மின்னல் இறங்கும்போது உச்சியில் நின்று கிண்ணத்தில் பிடிக்க வேண்டும். அதன் பதம் தெரிந்தவர் வைத்தியர் ஒருவர்தானே? நான் பிடித்தால் பக்குவம் கெட்டுவிடும்!"

"சரிதான். ஏறும் வைத்தியரே!" என்றார் ராஜா.

பளிச்சென்று ஒரு மின்னல். ஏறப்போன வைத்தியரின் கையிலிருந்த கிண்ணம் கீழே உருண்டது. அவர் தடாலென்று ராஜாவின் காலில் விழுந்தார்.

"ஐயையோ, என்னை விட்டுடுங்க மகாராஜா! அப்படி ஒரு மருந்தே கிடையாது. இவனை ஒழிக்கத்தான் சொன்னேன்!"

ராஜாவின் முகம் தொங்கிப்போயிற்று. "அப்படியானால் மின்சாரம் என்பதே பொய்யா?"

"யார் சொன்னது பிரபு? ஏறச் சொன்னதும் வைத்தியருக்கு உச்சந்தலையிலிருந்து உள்ளங்கால் வரை விர்ரென்று ஒன்று ஓடியதே, அதுதான் மின்சாரம். இன்னும் தொடக்கூட இல்லை, அதற்குள் அடித்துவிட்டது!"

ராஜா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். தம் முத்துமாலையைக் கழற்றி அழகாத்திரியின் கழுத்தில் போட்டார்.

மின்சாரம் என்ற சொல்லுக்குப் பண்டிதர்கள் வேறு பொருள் சொல்வார்கள். சொல்லட்டுமே! அவர்களில் ஒருவராவது அந்தச் சாரத்தில் ஏறிப் பார்த்தாரா?