தலைகீழாக மாட்டிய பட்டை

அம்பாசமுத்திரத்தில் புத்திசாலிகளுக்குப் பஞ்சமே கிடையாது. தெருவுக்கு நாலு பேர் தேறுவார்கள். அவர்கள் கிடக்கட்டும், நம்ம ஆள் கோமதிநாயகம்.

கோமதிநாயகத்திடம் ஒரு கார் இருந்தது. அவர் பிறப்பதற்கு இரண்டு வருஷம் முன்னால் அவருடைய அப்பா வாங்கியது. தன்னைவிட மூத்தது என்பதால் அவர் அதை "அது" என்று சொல்ல மாட்டார். "அவங்க" என்பார். ஷெட்டுக்குள் போகும்போது செருப்பை வெளியே கழற்றிப் போட்டுவிட்டுத்தான் போவார்.

அவங்களுக்கு வயது அறுபதாகிவிட்டது. இடுப்பு போய்விட்டது. போன வெள்ளிக்கிழமை அவர் மனைவி உலகம்மாள், அபிஷேகத்துக்கு ஒரு செம்பு நிறையப் பாலை மடியில் வைத்துக்கொண்டு பின் சீட்டில் உட்கார்ந்து கோவிலுக்குப் புறப்பட்டாள். ரயில்வே கேட்டில் வண்டி ஒரு தூக்குத் தூக்கிப் போட்டது பாருங்கள், சாமிக்கு நடக்க வேண்டிய அபிஷேகம் உலகம்மாளுக்கு நடந்து முடிந்தது.

"புதுப் பட்டுச்சேலை!" என்றாள் உலகம்மாள். "இங்க பாருங்க, வார வெள்ளிக்கிழமை இதே செம்பு, இதே பாலு. ஒரு சொட்டு சிந்திச்சுன்னு வைங்க, அன்னைக்கே காயலான் கடைக்காரனைக் கூப்பிட்டு இந்த ஓட்டை வண்டியைத் தூக்கிக் குடுத்துருவேன். ஆமா."

உலகம்மாள் சொன்னால் சொன்னதுதான். அன்றைக்கு மத்தியானம் கோமதிநாயகத்துக்குச் சோறே இறங்கவில்லை. குழம்புக்கும் ரசத்துக்கும் எப்படியோ தள்ளிவிட்டார், மோருக்குத்தான் முடியவில்லை.

சனிக்கிழமை மெக்கானிக் பிச்சாண்டியைக் கூட்டிவந்தார். பிச்சாண்டி நல்ல வேலைக்காரர், ஆனால் அன்றைக்குக் காலில் வெந்நீர் ஊற்றிக்கொண்டு நின்றார். தூத்துக்குடியில் மச்சினிச்சி கல்யாணம். குனிந்து பார்த்தார், நிமிர்ந்தார்.

"பின்னாடி பட்டை போயிருச்சு, அண்ணாச்சி. ரெண்டு பக்கமும் புதுசாப் பட்டை போட்டாப் போதும். தொட்டில் மாதிரி போவும்" என்று சொல்லிவிட்டு பஸ்ஸைப் பிடிக்க ஓடினார்.

கோமதிநாயகம் உடனே சபையைக் கூட்டினார். சபை என்றால் இரண்டே பேர். ஒருவர் மச்சினன் குற்றாலிங்கம், உலகம்மாளின் தம்பி. இன்னொருவர் எதிர்வீட்டு மந்திரமூர்த்தி. ரேஷன் கடையில் முப்பது வருஷம் அரிசி நிறுத்துப் போட்டவர். அந்தப் பழக்கத்தில் எந்தப் பேச்சையும் ஒரு தடவை எடை போடாமல் விடமாட்டார்.

"பட்டை போட்டாப் போதும்னுட்டாரு" என்றார் கோமதிநாயகம்.

"இம்புட்டுத்தானா?" என்று குற்றாலிங்கம் உள்ளே போய்த் திருநீற்று மரவையை எடுத்து வந்தான். தண்ணீர் விட்டுக் குழைத்து, மூன்று விரலால் காரின் பின்பக்கம் இடதும் வலதுமாக அருமையாக ஒரு பட்டை போட்டான்.

"நெத்தி முன்னாடில்லாவே இருக்கு?" என்றார் கோமதிநாயகம், சந்தேகமாக.

"பின்னாடின்னுதான சொன்னாரு? அவரு படிச்சவரு" என்றார் மந்திரமூர்த்தி.

குற்றாலிங்கம் அழகுக்காக நடுவில் ஒரு குங்குமப் பொட்டும் வைத்தான். மந்திரமூர்த்திக்குக் கோபம் வந்துவிட்டது. "பொட்டைப் பத்தி அவரு பேச்சே எடுக்கலையேல! ஏடாகூடமா எதையாவது செஞ்சு வண்டியக் கெடுத்துராத" என்று துண்டால் துடைத்துவிட்டார்.

மூன்று பேரும் ஏறித் தெருமுனை வரைக்கும் போனார்கள். முதல் பள்ளத்திலேயே மந்திரமூர்த்தியின் தலை கூரையில் இடித்தது.

"பட்டை இன்னும் காயலை போலிருக்கு, அத்தான்" என்றான் குற்றாலிங்கம்.

காயவைத்து ஞாயிற்றுக்கிழமையும் ஓட்டிப் பார்த்தார்கள். அன்றைக்கு மூன்று தலையும் இடித்தது. கோமதிநாயகம் பிச்சாண்டிக்குப் போன் போட்டார். அந்தப் பக்கம் மேளச்சத்தம் காதைப் பிளந்தது.

"திருநீறா? ஐயோ அண்ணாச்சி! இரும்புப் பட்டை! வண்டிக்கு அடியில வில்லு மாதிரி வளைஞ்சு, ஒண்ணு மேல ஒண்ணா அடுக்கியிருக்கும்லா, அது!" என்று பிச்சாண்டி கத்தினார். பிறகு, பெரிய வித்தை ஒன்றும் இல்லை, வீட்டிலேயே மாற்றலாம் என்று தைரியம் சொல்லி, செய்ய வேண்டியதை வரிசையாகச் சொன்னார். மந்திரமூர்த்தி காலண்டர் தாளின் பின்பக்கத்தில் ஒரு எழுத்து விடாமல் எழுதிக்கொண்டார். பிச்சாண்டி இருமியதைக்கூட எழுதினார்.

திங்கட்கிழமை வேலை தொடங்கியது. "ஜாக்கி குடுத்துத் தூக்கி, நாலு கல்லு மேல நிறுத்தணும்" என்று வாசித்தார் மந்திரமூர்த்தி. வீட்டில் கல் என்று இருந்தவை ஆட்டுரல், அம்மி, உரல், துணி துவைக்கிற கல். நாலும் காருக்கு அடியில் போயின. அந்த வாரம் வீட்டில் இட்லியும் இல்லை, துவையலும் இல்லை. உலகம்மாள் பல்லைக் கடித்துக்கொண்டு வெள்ளிக்கிழமைக்காகக் காத்திருந்தாள்.

"அடுத்தது, கழட்டுத நட்டு மேல ஒரு கண்ணு இருக்கட்டும்."

அந்தப் பொறுப்பைக் குற்றாலிங்கத்திடம் கொடுத்தார்கள். கோமதிநாயகமும் மந்திரமூர்த்தியும் மல்லாக்கப் படுத்துக் கழற்றக் கழற்ற, நட்டெல்லாம் ஒரு சோற்றுத் தட்டில் சேர்ந்தது. குற்றாலிங்கம் ஒரு கண்ணை மூடிக்கொண்டு, ஒரு கண்ணால் தட்டையே பார்த்தபடி சாயங்காலம் வரைக்கும் அசையாமல் உட்கார்ந்திருந்தான்.

"வலிக்கி அத்தான். இந்தக் கண்ணை மூடிட்டு அந்தக் கண்ணைத் திறந்துக்கிடட்டுமா?"

மந்திரமூர்த்தி தாளைப் பார்த்தார். "எந்தக் கண்ணுன்னு போடலை. மாத்திக்க. ரெண்டையும் சேத்துத் திறந்துராத."

செவ்வாய்க்கிழமை புதுப் பட்டைகள் வந்து இறங்கின. கறுகறுவென்று, எண்ணெய் வாசனையோடு. கோமதிநாயகத்துக்குப் பார்க்கவே சந்தோஷமாக இருந்தது. மந்திரமூர்த்தி தாளை எடுத்தார். "புதுசு அப்படியே பழசு மாதிரி இருக்கணும். இம்மி வித்தியாசம் இருக்கப்டாது. பக்கத்துல வச்சுப் பாத்துக்கிடுங்க."

பக்கத்தில் வைத்துப் பார்த்தார்கள். மூன்று பேர் முகமும் செத்துப்போயிற்று.

"பழசுல மூணாவது பட்டையில விரிசல் இருக்கே. புதுசுல எங்கவே?" என்றார் மந்திரமூர்த்தி.

"காணுமே!"

"பழசு தொங்கிப்போயிருக்கு. இது நல்லா வளைஞ்சுல்லா நிக்கி? துருவும் இல்லை. உம்ம தலையில நல்லாக் கட்டிட்டான்வே, கடைக்காரன்."

"இப்ப என்னவே செய்ய? வெள்ளிக்கிழமை வந்துருமே!" கோமதிநாயகத்துக்கு அழுகையே வந்துவிட்டது.

"அழாதயும். நாமளே சரி பண்ணிருவோம்."

பண்ணினார்கள். செவ்வாயும் புதனும் ராப்பகல் பாராமல் உழைத்தார்கள் என்று சொல்ல ஆசைதான், ஆனால் நடுவில் தூங்கவும் செய்தார்கள். சம்மட்டியால் அடித்து வளைவை நிமிர்த்தினார்கள். ரம்பம் போட்டு மூன்றாவது பட்டையில் அதே இடத்தில் விரிசல் விட்டார்கள். மந்திரமூர்த்தி நூல் வைத்து அளந்து, "இன்னும் ஒரு நெல்லு நீளம்" என்றார். உப்புத் தண்ணீரில் முக்கித் துரு ஏற்றினார்கள். பட்டையின் முனையில் மாட்டுகிற பழைய ரப்பர் புஷ் பிய்ந்து போயிருந்ததால், புது ரப்பரைக் குற்றாலிங்கம் உட்கார்ந்து பல்லாலேயே கடித்துப் பதப்படுத்தினான்.

புதன்கிழமை சாயங்காலம் கோமதிநாயகம் இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். எது புதுசு, எது பழசு என்று அவருக்கே தெரியவில்லை. பெருமையில் நெஞ்சு விம்மியது.

"இதுல எதை மாட்டணும், அத்தான்?" என்று கேட்டான் குற்றாலிங்கம்.

"ரெண்டும் ஒண்ணுதானல. கைக்குக் கிடைச்சதை மாட்டு" என்றார் மந்திரமூர்த்தி.

வியாழக்கிழமை மாட்டுகிற வேலை. தாளில் "கழட்டினதுக்குத் தலைகீழா மாட்டணும்" என்று இருந்தது. இதற்குத்தான் சபை ரொம்ப நேரம் கூடியது.

"பட்டையைத் தலைகீழா வைக்கணுமோ?" என்றார் கோமதிநாயகம்.

"பட்டையை நாமதான் நிமித்தியாச்சே. நேரா இருக்கிறதுக்கு ஏதுவே தலையும் கீழும்?"

"அப்ப காரையே கவுத்திப் போடணுமோ, அத்தான்?"

"அவங்களையா!" என்று பதறினார் கோமதிநாயகம்.

மந்திரமூர்த்தி கண்ணை மூடி யோசித்தார். எடை போட்டு முடித்துவிட்டுத் திறந்தார். "தலைகீழாகணும்னா அது நாமதான்வே. கழட்டும்போது நாம எப்படிப் படுத்திருந்தோம்? மல்லாக்க. அதுக்குத் தலைகீழ் என்ன? குப்புற!"

கோமதிநாயகத்துக்குச் சிலிர்த்துவிட்டது. இவ்வளவு அறிவு எதிர்வீட்டில் இருந்தும் இத்தனை வருஷம் வெறும் உறைமோர் வாங்கத்தானே அங்கே போயிருக்கிறோம் என்று வருத்தப்பட்டார்.

மூன்று பேரும் காருக்கு அடியில் குப்புறப் படுத்தார்கள். மண்ணைப் பார்த்தபடி, கையை முதுகுக்கு மேலே கொண்டுபோய், தட்டித் தடவி மாட்டினார்கள். ஒரு தடவை குற்றாலிங்கம் ஸ்பேனரைப் போட்டு முறுக்கு முறுக்கென்று முறுக்கியது மந்திரமூர்த்தியின் அரைஞாண் கயிற்றை. இருட்டுவதற்குள் வேலை முடிந்துவிட்டது. ஏழு நட்டு மிச்சம். தட்டுக்காவலில் ஒன்றுகூடக் குறையவில்லை என்று குற்றாலிங்கத்தைப் பாராட்டினார்கள்.

வெள்ளிக்கிழமை காலை உலகம்மாள் குளித்து, அதே பட்டுச்சேலையைக் கட்டிக்கொண்டு, செம்பில் விளிம்பு வரைக்கும் பாலோடு வாசலுக்கு வந்துவிட்டாள். காயலான் கடைக்காரனின் நம்பரையும் எழுதிக் கொண்டுவந்திருந்தாள். அப்போதுதான் தாளின் கடைசி வரியை மந்திரமூர்த்தி வாசித்தார்.

"நான் வந்து பாக்குத வரைக்கும் கல்லை எடுக்கப்டாது."

பிச்சாண்டிக்குப் போன் போட்டால் எடுக்கவில்லை. கோமதிநாயகம் ஓடிப்போய்க் காரைக் கட்டிப் பிடித்துக்கொண்டார். "போச்சு! எல்லாம் போச்சு! அவங்க போயிருவாங்க, மந்திரம்!"

"பதறாதயும்வே. கல்லை எடுக்கப்டாதுன்னுதான் இருக்கு. வண்டியை ஓட்டப்டாதுன்னு எங்கயாவது இருக்கா?"

இல்லை. கோமதிநாயகம் தாளை இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தார். அப்படி ஒரு வார்த்தை இல்லை.

முக்காலி போட்டு உலகம்மாளைப் பின் சீட்டில் ஏற்றினார்கள். பக்கத்தில் மந்திரமூர்த்தி. முன்னால் குற்றாலிங்கம். கோமதிநாயகம் அப்பாவை நினைத்துக்கொண்டு சாவியைத் திருகினார். கியர் போட்டார். பின்சக்கரம் இரண்டும் அந்தரத்தில் விர்ரென்று சுற்றின. ஸ்பீடோமீட்டர் முள் இருபது, முப்பது என்று ஏறி நாற்பதில் நின்றது.

"ரயில்வே கேட் வரும் அத்தான், பாத்து!"

கோமதிநாயகம் மூச்சைப் பிடித்துக்கொண்டு வேகத்தைக் குறைத்தார். உலகம்மாள் கண்ணை இறுக மூடிக்கொண்டாள். கேட் வர வேண்டிய நேரம் வந்தது, போயிற்று. பால் ஒரு சொட்டு அலுங்கவில்லை.

"ஏ அம்மா!" என்றாள் உலகம்மாள், கண்ணைத் திறந்து. "விளிம்புலகூட நனையலையே! காயலான் கடைப் பேச்சை இனி நான் எடுக்கவே மாட்டேன். ஓட்டை வண்டின்னு சொன்னேனே, என் வாயில மண்ணை அள்ளிப் போடணும்" என்று நம்பர் எழுதின தாளைக் கிழித்து வெளியே போட்டாள்.

கோமதிநாயகம் தேம்பித் தேம்பி அழுதார். கண்ணீரைத் துடைத்துக்கொண்டு மறுபடியும் நாற்பதுக்கு ஏற்றினார்.

கால் மணி நேரம் ஆயிற்று. உலகம்மாள் எட்டிப் பார்த்தாள். "இன்னுமா கோவில் வரலை?"

"வண்டி மேல ஒரு குத்தமும் இல்ல மதினி" என்றார் மந்திரமூர்த்தி. "அது நாப்பதுல போயிக்கிட்டுத்தான் இருக்கு. கோவில்தான் கொஞ்சம் தாமசம்."

அந்த நேரம் பார்த்து, பஸ்ஸை விட்டு இறங்கி நேராக வந்தார் பிச்சாண்டி. தோளில் கல்யாணப் பை. காம்பவுண்டுக்குள் அவர் கண்ட காட்சியில் பை நழுவிக் கீழே விழுந்தது. காருக்குப் பக்கத்தில் வந்து, ஜன்னலைப் பார்த்தபடி அப்படியே நின்றார்.

உலகம்மாள் அவரை ஏற இறங்கப் பார்த்தாள். பிச்சாண்டி ஜன்னலை விட்டு ஒரு அங்குலம் விலகவில்லை. அவருக்கு மூச்சு இரைக்கவில்லை. வேர்க்கக்கூட இல்லை.

"என்னங்க, பிச்சாண்டி காலை அசைக்காமலே நம்மகூட வாராரு பாருங்க! நாப்பதுல!"

கோமதிநாயகம் திரும்பிப் பார்த்தார். அவருக்கு ரோஷம் வந்துவிட்டது. அறுபது வருஷத்து வண்டியை ஒரு மெக்கானிக் நின்றுகொண்டே முந்திவிடுவதா?

"எல்லாரும் கெட்டியாப் பிடிச்சுக்கிடுங்க" என்று சொல்லிவிட்டு, டாப் கியரைப் போட்டு ஒரு மிதி மிதித்தார்.